கேட்காமல் விட்ட குறட்டை

நுரையீரலில் ரத்தக்கட்டி வந்து பிழைத்தவர்களிடம் டாக்டர்கள் கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், விமானப் பயணத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். தூக்கத்தைப் பற்றியும் கேட்டாக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எந்தப் பெரிய நகரத்து மருத்துவமனையிலும் காணக்கூடிய நோயாளி அவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தே செய்யும் வேலை. கொஞ்சம் தொப்பை, ரத்த அழுத்தத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. ஒருநாள் காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது மூச்சுத் திணறுகிறது, மார்பில் குத்துகிறது. மாரடைப்பு என்று பயந்து குடும்பம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறது. ஈ.சி.ஜி.யில் மாரடைப்பின் அடையாளம் இல்லை. சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் விஷயம் புரிகிறது. நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை ஒரு ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது. டாக்டர்களின் மொழியில் இது பல்மனரி எம்பாலிசம்.

ஹெபாரின் ஊசி, ஆக்சிஜன், இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு. ஆள் தெளிகிறார். பிறகு விசாரணை தொடங்குகிறது. சமீபத்தில் அறுவை சிகிச்சை நடந்ததா? கால் எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாரா? பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்து வந்தாரா? புற்றுநோய் உண்டா? குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? எல்லாக் கேள்விக்கும் பதில் 'இல்லை'. வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கிற தாளில், வெளிப்படையான காரணம் எதுவும் தெரியவில்லை என்று எழுதப்படுகிறது.

இத்தனை நாளும் அவருடைய மனைவி கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த பெஞ்சில் படுத்திருந்தார். இருபது வருடங்களாக அவர் பார்த்துவரும் காட்சி ஒன்று உண்டு. கணவரின் குறட்டை திடீரென்று நின்றுபோகும். அறையே நிசப்தமாகும். பிறகு, குளத்தில் மூழ்கி மேலே வந்தவர்போல அவர் 'ஹக்' என்று மூச்சை இழுப்பார். பயந்துபோய் எத்தனையோ இரவுகள் அந்த அம்மாள் அவருடைய தோளைத் தட்டித் திருப்பிப் படுக்கவைத்திருக்கிறார். ஆனால் வார்டில் யாரும் அதைப் பற்றி அவரிடம் கேட்கவில்லை. மார்பில் வந்த நோய்க்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் சொல்லவில்லை.

இது ஒரு மாதிரிச் சித்திரம்தான். ஆனால் கேட்கப்படாத அந்தக் கேள்விதான் சுவாச நோய் நிபுணர்களையும் ரத்த உறைவு நிபுணர்களையும் சில வருடங்களாக ஒரே மேஜைக்குக் கொண்டுவந்திருக்கிறது. நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர்களில் எத்தனை பேருக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறது? அதைத் தேடிக் கண்டுபிடிப்பதால் என்ன லாபம்?

சீட்டாட்டத்தில் தூங்கியவர்

குறட்டை என்றால் நமக்குக் கும்பகர்ணன் ஞாபகம் வரும், கூடவே சிரிப்பும். 'அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறார், கவலையில்லாத மனுஷன்' என்று பொறாமையோடு சொல்வோரும் உண்டு. பிப்ரவரி 2022இல் இசையமைப்பாளர் பப்பி லஹிரி மும்பையில் காலமானபோது மருத்துவமனை சொன்ன காரணம் பலருக்குப் புதிய வார்த்தையாக இருந்தது: அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா. ஆப்னியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு மூச்சின்மை என்று பொருள்.

தூங்கும்போது உடம்பின் தசைகள் தளர்கின்றன. தொண்டைத் தசைகளும் அப்படியே. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப்பாதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. மார்பு மேலும் கீழும் அசைந்து காற்றை இழுக்கப் பார்க்கிறது. காற்று உள்ளே போவதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் ஆளைப் பாதி எழுப்புகிறது. தொண்டை திறக்கிறது, பெரிய சத்தத்தோடு காற்று பாய்கிறது, மறுபடியும் தூக்கம், மறுபடியும் அடைப்பு. காலையில் எழும்போது நோயாளிக்கு இதில் எதுவும் ஞாபகம் இருப்பதில்லை. வாய் உலர்ந்திருக்கும், தலை கனக்கும், அவ்வளவுதான்.

மூச்சு 10 வினாடியோ அதற்கு மேலோ நின்றால் அது ஒரு தடவையாகக் கணக்கில் சேர்க்கப்படுகிறது. மூச்சு கணிசமாகக் குறையும் தருணங்களையும் சேர்த்து, மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசான நோய். 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை. ஓர் இரவில் 210 முறை கழுத்தை நெரித்து விடுவதற்குச் சமம் அது.

மருத்துவ உலகம் இதைக் கண்டுகொள்ளவே வெகுகாலம் ஆனது. 1956இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்லஸ் பர்வெல் என்ற டாக்டரும் அவருடைய சகாக்களும் ஒரு பருமனான வியாபார அதிகாரியைப் பற்றி எழுதினார்கள். அந்த மனிதர் போக்கர் சீட்டாட்டத்தில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா என்று அபாரமான கை வந்திருந்தபோது, அதைப் பயன்படுத்தாமல் தூங்கிப்போனவர். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவருடைய இதயத்தின் வலப்பகுதி தளர்ந்திருந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் படைத்த, எந்நேரமும் தூங்கிவழியும் குண்டுப் பையனை நினைத்து அந்த நோய்க்கு 'பிக்விக்' பெயரையே பர்வெல் சூட்டினார். அத்தகையவர்களின் தொண்டை தூக்கத்தில் அடைத்துக்கொள்கிறது என்பதை 1965இல் பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் தனித்தனியே வேலை செய்த ஆராய்ச்சியாளர்கள்தான் பதிவு செய்தார்கள்.

தூக்கம், நுரையீரல், இதயத்தின் வலது பக்கம் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது அப்போதே கண்முன் இருந்தது. ரத்தக்கட்டி என்ற நான்காவது சரடு மட்டும் அன்று யார் கண்ணிலும் படவில்லை.

மூன்று குற்றவாளிகள்

நுரையீரலை அடைக்கும் கட்டி பெரும்பாலும் அங்கேயே உருவாவதில்லை. கால் அல்லது இடுப்பின் ஆழ்ந்த சிரைகளில் ரத்தம் உறைந்து, துண்டு உடைந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக மிதந்துபோய் நுரையீரல் தமனியில் சிக்கிக்கொள்கிறது. இப்படி ஓரிடத்தில் உண்டாகும் கட்டி வேறிடத்துக்குப் பயணம் செய்கிறது என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிரூபித்தவர் ஜெர்மன் மருத்துவ மேதை ருடால்ஃப் விர்ஷோ. சிரையில் ரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களை மருத்துவ மாணவர்கள் இன்றும் அவர் பெயரால் ஒப்பிக்கிறார்கள்: ரத்த ஓட்டம் தேங்குவது, ரத்தக் குழாயின் உட்சுவர் பழுதாவது, ரத்தத்துக்கே உறையும் சுபாவம் கூடுவது.

தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் இந்த மூன்றையும் தொடுகிறது என்பதுதான் நிபுணர்களை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம். ஆக்சிஜன் இறங்குவதும் ஏறுவதுமாக இரவெல்லாம் ஆடும்போது ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாகிறது. உட்சுவரின் மெல்லிய படலம் பழுதாகிறது. ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு வருகின்றன. உறைதலுக்குத் தேவையான ஃபைப்ரினோஜென் என்ற புரதம் இத்தகைய நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆக்சிஜன் போதாத உடம்பு சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்தால் ரத்தம் கெட்டியாகிறது. பகலெல்லாம் அசதியில் உட்கார்ந்தே இருப்பவரின் கால் சிரைகளில் ஓட்டம் மந்தமாவதில் ஆச்சரியம் இல்லை.

தர்க்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மருத்துவத்தில் அழகான தர்க்கங்கள் பொய்த்துப்போன கதைகள் நிறைய. ஆகவே ஆதாரத்தைப் பார்க்க வேண்டும்.

தைவான் நாட்டில் எல்லாக் குடிமக்களுக்கும் பொதுவான மருத்துவ இன்ஷூரன்ஸ் உண்டு. அதனால் லட்சக்கணக்கானவர்களின் பதிவேடுகள் ஆராய்ச்சிக்குக் கிடைக்கின்றன. அவற்றை வைத்து 2012இல் வெளியான ஆய்வு, ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்குக் கால் சிரையில் ரத்தம் உறையும் அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்றது. பிற நாடுகளிலிருந்து வந்த கணக்குகளும் அபாயம் இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கலாம் என்று சொல்லின. ஸ்பெயினின் மயோர்கா தீவைச் சேர்ந்த டாக்டர்கள் எதிர்த்திசையிலிருந்து வந்தார்கள். நுரையீரலில் கட்டி வந்த நூற்றுச் சொச்சம் பேரையும், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மற்றவர்களையும் தூக்கப் பரிசோதனைக்கு உட்படுத்தி, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். கட்டி வந்தவர்களிடம் மூச்சு நிற்கும் எண்ணிக்கை அதிகமாக இருந்தது. உடல் பருமனைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த வித்தியாசம் மறையவில்லை. அதே குழு 2016இல் இன்னொன்றைச் சொன்னது: ரத்த உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்திய பிறகு, ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்கே கட்டி மறுபடி வருவது அதிகம்.

பருமன் என்ற சந்தேகம்

இங்கே ஒரு தடங்கல் உண்டு. பருமனானவர்களுக்கு ஸ்லீப் ஆப்னியா வரும். பருமனானவர்களுக்கு ரத்தக்கட்டியும் வரும். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருப்பதால் ஒன்று மற்றதைப் பெற்றது என்று சொல்லிவிட முடியுமா? தைவான் பதிவேடுகளில் நோயாளிகளின் எடை பற்றிய விவரம் இல்லை. மயோர்கா ஆய்வோ மிகச் சிறியது. பருமனையும் வயதையும் கழித்துவிட்டால் தொடர்பு மெலிந்துபோவதாகச் சொன்ன ஆய்வுகளும் இருக்கின்றன.

பிரான்ஸின் லுவார் பிரதேசத்தில் 7,355 பேரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2022இல் ஐரோப்பிய சுவாச நோய் மாநாட்டில் வைக்கப்பட்டபோது, விவாதம் கொஞ்சம் தெளிவடைந்தது. இவர்கள் எல்லோரும் தூக்கக் கோளாறு சந்தேகத்தில் பரிசோதனைக்கு வந்தவர்கள். அவர்களில் 104 பேருக்கு ரத்தக்கட்டி வந்தது. இரவு நேரத்தில் 6 சதவிகிதத்துக்கு மேல் ஆக்சிஜன் அளவு 90க்குக் கீழே இருந்தவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மூச்சு எத்தனை முறை நின்றது என்பதைவிட, ரத்தம் எவ்வளவு நேரம் ஆக்சிஜனுக்கு ஏங்கியது என்பதுதான் முக்கியம் என்ற எண்ணம் இதிலிருந்து வலுப்பெற்றது. ஆக, வெறும் குறட்டைச் சத்தத்தை வைத்தோ, ஒரே ஓர் எண்ணை வைத்தோ முடிவுகட்ட முடியாது.

நம் ஊர்க் கழுத்து

இந்தியாவில் இந்த இரண்டு நோய்களுக்குமே ஒரு பொதுத் தலைவிதி உண்டு. இரண்டும் மேல்நாட்டு வியாதிகள் என்று நெடுநாள் நம்பப்பட்டன. இந்தியர்களுக்கு ரத்தக்கட்டி அபூர்வம் என்று சொல்லிக்கொண்டிருந்த டாக்டர்களின் தலைமுறை இப்போதுதான் ஓய்வு பெறுகிறது. தூக்க நோய் பற்றிய மாயையை உடைத்தவர்களில் முக்கியமானவர் மும்பையின் சுவாச நோய் நிபுணர் ஜரீர் உத்வாடியா. 35 முதல் 65 வயதுவரையுள்ள மும்பை ஆண்களை வைத்து அவரும் சகாக்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. பகல் தூக்கமும் சேர்ந்து முழு நோயாக இருந்தது 7.5 சதவிகிதம் பேருக்கு. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள், உழைக்கும் வயதிலுள்ள 10.4 கோடி இந்தியர்களுக்கு இந்த நோய் இருக்கக்கூடும் என்று 2023இல் மதிப்பிட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

மேல்நாட்டு அளவுகோல்கள் நம்மிடம் அப்படியே பொருந்துவதும் இல்லை. தாடை அமைப்பு, கழுத்திலும் வயிற்றிலும் கொழுப்பு சேரும் விதம் காரணமாக, ஐரோப்பியர்களைவிடக் குறைந்த எடையிலேயே இந்தியர்களுக்கு ஸ்லீப் ஆப்னியா வந்துவிடுகிறது. 'நான் ஒன்றும் குண்டு இல்லையே' என்று சொல்பவரும் விதிவிலக்கு இல்லை.

பெண்களின் நிலை இன்னும் சிக்கலானது. மாதவிலக்கு நின்ற பிறகு அவர்களுக்கும் இந்த நோய் கூடுகிறது. ஆனால் குறட்டை விடுகிறேன் என்று டாக்டரிடம் சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? அசதி, தூக்கமின்மை, தலைவலி என்றே புகார் வருகிறது. சத்து மாத்திரையோடு அனுப்பிவைக்கப்படுகிறார்கள். மனைவியின் குறட்டைக்குச் சாட்சி சொல்ல வேண்டிய கணவர் பெரும்பாலும் அதற்கு முன்பே தூங்கிப்போயிருப்பார்.

எட்டுக் கேள்விகள்

எல்லாரையும் பரிசோதித்துவிட்டால் என்ன? சுலபமாகத் தோன்றும் யோசனை. தூக்கப் பரிசோதனைக் கூடத்தில் ஓர் இரவு முழுக்க, தலையிலும் முகத்திலும் மின் கம்பிகள், மூக்கில் காற்றை அளக்கும் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப் இவற்றோடு படுக்க வேண்டும். பெரிய நகரங்களைத் தாண்டினால் அத்தகைய கூடங்கள் அரிது. செலவும் கொஞ்சநஞ்சம் இல்லை. எந்த அறிகுறியும் இல்லாத பொதுமக்கள் அனைவரையும் இதற்காகச் சோதிப்பதில் லாபம் உண்டா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்புப் பணிக்குழு 2017இலும், மறுபடி 2022இலும் கூறியது.

ஆனால் நுரையீரலில் கட்டி வந்தவர் 'அறிகுறி இல்லாத பொதுமக்கள்' பட்டியலில் வரமாட்டார். அவருக்கு ஏற்கனவே ஓர் ஆபத்து வந்து போயிருக்கிறது. ஆகவே இரண்டு படியாகச் செய்வதுதான் புத்திசாலித்தனம். எல்லாரையும் கேட்க வேண்டும். பதில் சந்தேகம் தந்தால் மட்டும் பரிசோதிக்க வேண்டும். கேட்பதற்குக் காசு செலவில்லை.

என்ன கேட்பது என்பதற்குக் கனடாவின் டொரொண்டோ நகரத்து மயக்க மருந்து நிபுணர் ஃபிரான்சஸ் சங் 2008இல் வகுத்த எட்டுக் கேள்விகள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. அறுவை சிகிச்சைக்கு வருபவர்களுக்காக ஏற்பட்டவை அவை. மூடிய கதவுக்கு வெளியே கேட்குமளவுக்குக் குறட்டை உண்டா? பகலில் அடிக்கடி அசதியோ தூக்கமோ வருகிறதா? தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? ரத்த அழுத்தம் உண்டா? உடல் பருமன் உண்டா? வயது 50க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்று 'ஆமாம்' வந்தால் சந்தேகம். ஐந்து வந்தால் பலத்த சந்தேகம். பருமனுக்கு அந்தக் கேள்வித்தாள் வைத்திருக்கும் எல்லை மிக உயரமானது. இந்தியர்களுக்கு அதைக் குறைத்துத்தான் படிக்க வேண்டும்.

கேள்வித்தாள் நோயைத் தீர்மானிக்காது. யாரைப் பரிசோதனைக்கு அனுப்புவது என்று மட்டும் சொல்லும். இதில் மூன்றாவது கேள்விக்கு நோயாளியால் பதில் சொல்லவே முடியாது. பக்கத்தில் படுத்திருப்பவரால்தான் முடியும். அதனால் அவரை அறைக்கு வெளியே உட்காரவைத்துவிட்டு இந்த விசாரணையை நடத்துவதில் அர்த்தம் இல்லை.

எப்போது பரிசோதிப்பது என்பதும் முக்கியம். கட்டி வந்த முதல் வாரத்தில் நோயாளி மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு, இதயம் களைத்து, வார்டின் விளக்கிலும் சத்தத்திலும் அரைத் தூக்கத்தில் கிடக்கிறார். அந்த ஆக்சிஜனே இரவில் வரும் வீழ்ச்சியை மறைத்துவிடும். அப்போது எடுக்கும் பரிசோதனையை நம்ப முடியாது. கேள்விகளை வார்டிலேயே கேட்டுக் குறித்துக்கொண்டு, உடம்பு தேறிய பிறகு பரிசோதனையை வைத்துக்கொள்ளலாம். கட்டி வந்தவர்களை 3 முதல் 6 மாதத்துக்குள் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய இதயநோய்ச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அதற்குப் பொருத்தமான நாள் அதுதான். வீட்டிலேயே செய்யக்கூடிய சிறிய கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் இதயமோ நுரையீரலோ இன்னும் பலவீனமாக இருப்பவருக்குக் கூடத்தில் செய்யும் முழுப் பரிசோதனையே ஏற்றது.

அந்த மறு சந்திப்பு சாதாரணமானது அல்ல. ரத்த உறைவுத் தடுப்பு மருந்தை நிறுத்துவதா, தொடர்வதா என்று முடிவெடுக்கும் நாள் அது. காரணம் தெரியாமல் கட்டி வந்தவர்கள் மருந்தை நிறுத்தினால், முதல் வருடத்தில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கும், ஐந்து வருடத்துக்குள் 25 சதவிகிதம் பேருக்கும், பத்து வருடத்தில் 36 சதவிகிதம் பேருக்கும் அது மறுபடி வருகிறது என்று 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. மருந்தைத் தொடர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம். தராசு இரு பக்கமும் ஆடும் இந்த நிலையில், இரவுதோறும் ஆக்சிஜன் விழுகிறது என்ற தகவல் ஒரு சிறு எடைக்கல். அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்க இன்றைய ஆதாரம் போதாது. ஆனால் தெரியாமல் முடிவெடுப்பதைவிடத் தெரிந்து எடுப்பது மேல்.

இன்னொரு லாபமும் உண்டு. கட்டி கரைந்த பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் மூச்சு வாங்கும், அசதி போகாது. பழைய கட்டி தழும்பாகி நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடிவிட்டதோ என்று தேட வேண்டியிருக்கும். ஸ்லீப் ஆப்னியாவும் அந்த அழுத்தத்தைக் கூட்டும், அசதியையும் தரும். அதைக் கண்டுகொள்ளாவிட்டால் எல்லாப் பழியும் கட்டியின் மேலேயே விழும்.

முகமூடி தரும் நிம்மதி

நோய் இருப்பது உறுதியானால் சிகிச்சை உண்டு. 1981 வரை கடுமையான நோயாளிகளுக்கு இருந்த ஒரே பலமான வழி, கழுத்தில் துளையிட்டு மூச்சுக் குழாய் வைப்பது. அந்த ஆண்டு சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன் மூக்கின் மேல் ஒரு முகமூடியைப் பொருத்தி, அதன் வழியாகத் தொடர்ந்து மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் தொண்டை மூடிக்கொள்வதில்லை என்று காட்டினார். 'சிபாப்' என்று இன்று அழைக்கப்படும் கருவி அதுதான். எடையைக் குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, இரவில் மதுவைத் தவிர்ப்பது ஆகியவையும் உதவும். டாக்டரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போட்டுக்கொள்வது தொண்டையை மேலும் தளர்த்திவிடும். பருமனோடு கூடிய ஸ்லீப் ஆப்னியாவுக்கு டிர்ஸெபடைட் என்ற எடை குறைப்பு ஊசியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டிசம்பர் 2024இல் அனுமதித்தது.

சிபாப் போட்டுக்கொண்டால் ரத்தக்கட்டி மறுபடி வராது என்று யாராவது உத்தரவாதம் தந்தால் நம்ப வேண்டாம். அதை நிரூபித்த பெரிய ஆய்வு எதுவும் இல்லை. 2016இல் முடிவு வெளியான 'சேவ்' ஆய்வு ஒரு பாடம். இந்தியா உள்பட ஏழு நாடுகளில் இதய நோயோ பக்கவாதமோ ஏற்கனவே வந்தவர்களில் 2,700க்கும் அதிகமானோர் அதில் பங்கேற்றார்கள். சிபாப் போட்டுக்கொண்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக இரவில் 3.3 மணி நேரமே முகமூடியை அணிந்திருந்தார்கள். மூக்கில் பட்டையும் முகத்தில் காற்றுமாக இரவு முழுவதும் படுப்பது எளிதல்ல. அதே ஆய்வில் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது. சிகிச்சைக்கு அந்த லாபமே போதுமான காரணம். காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணயர்கிற ஒருவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

ஆகவே முகமூடி வந்துவிட்டது என்று ரத்த உறைவுத் தடுப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவது மிகப் பெரிய தவறாகிவிடும். இரண்டும் இரண்டு வேலைகள்.

பெரிய இயந்திரங்களை நம்பும் நம் மருத்துவமனைகளில் சின்னக் கேள்விகளுக்கு மரியாதை குறைவு. சி.டி. ஸ்கேனுக்குப் படிவம் இருக்கிறது, டாப்ளருக்கு இருக்கிறது, பதினைந்து வகை ரத்தப் பரிசோதனைக்கு இருக்கிறது. நுரையீரலில் கட்டி வந்தவரின் கேஸ் தாளில் தூக்கத்துக்கும் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடுத்த முறை வெள்ளை கோட்டு டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது அந்த வரியைப் பூர்த்தி செய்ய வேண்டியவர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். "ராத்திரியில் இவர் எப்படித் தூங்குவார், அம்மா?" என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் இருபது வருடச் செய்தி இருக்கிறது. டாக்டர் கேட்காவிட்டாலும் அவர் சொல்லிவிடுவது நல்லது.